இரண்டாயிரத்து நானூறு அடி உயரத்தில் ஒரு சுரங்கம்

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை, காலை 9.48. மெல்லிய பனி, காற்றில்லை, தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டின் உச்சியில் மட்டும் வெயில். ஊரிகம் ஸ்டேஷனில் என் மகள் இறங்கினாள். தீபாவளிக்கு வந்து போனவள் தொண்ணூறு நாள் கழித்து வருகிறாள். பொங்கலுக்கு வரவில்லை. வண்டி எட்டு நிமிடம் தாமதம். ஸ்டேஷனிலிருந்து எங்கள் லைன் வீட்டுக்கு என் நடையில் அறுநூற்றுப் பதினோரு தப்படி. அவளோடு நடந்தால் ஐநூற்று எழுபதில் வந்துவிடுகிறது. அன்று மெதுவாக நடக்கச் சொன்னேன்.

அவள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வீடியோ கேம் செய்கிறாள். விளையாட்டுக்கு என்று இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ போட்டி நடக்கிறதாம். எல்லாப் பள்ளிக்கும் ரோபோ வாங்க வசதி இல்லாததால், பிள்ளைகள் முதலில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொய் ரோபோவை ஓட்டிப் பழகுகிறார்கள். அந்தப் பொய் உலகத்தைக் கட்டுவது இவள் வேலை. அந்த வருடம் போட்டியின் பொருள், சுரங்கத்துக்குள் சிக்கிய ஆளை ரோபோ மீட்டு வருவது.

"எனக்கு ஒரே ஒரு லெவல் போதும், நைனா. சாஃப்ட்லேர்ந்து எவ்ளோ தூரம், எங்க திரும்புது, எங்க குனியணும். நெஜமா இருக்கணும்" என்றாள்.

கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டாள். நான் சர்வே ஆபீசில் இருபத்தொன்பது வருடம் இருந்தவன். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில், செங்குத்தான சாஃப்ட் வழியே இறங்கி, அதிலிருந்து பக்கவாட்டில் குடைந்துபோன ஒவ்வொரு லெவலையும் டேப் பிடித்து அளந்தவன். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். இப்போது கீழே எல்லாம் தண்ணீர். ஆனால் நான் கைப்பட எழுதி வைத்த குறிப்பு நோட்டு மூன்று, கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

அதை நான் சொல்லவில்லை. நினைவிலிருந்து சொல்வதுபோல நாற்பது வரி எழுதிக் கொடுத்தேன். "மிச்சம் தேடணும்மா. அட்டாலி மேல எங்கியோ கீது. அடுத்த சனிக்கிழமை வா" என்றேன்.

வந்தாள். அதற்கும் அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். என் மனைவி போய் ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமை இந்த வீட்டில் இரண்டு தட்டு வைத்ததே இல்லை. வாரத்துக்கு நாற்பது வரி. மூன்று நோட்டிலும் சேர்த்து அந்த லெவலுக்கு அறுபத்திரண்டு பக்கம் இருந்தது. இந்தக் கணக்கில் ஆடி மாதம் வரைக்கும் தாங்கும் என்று நினைத்தேன்.

நான்காம் சனிக்கிழமை, மார்ச் 2, அவள் செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. லேப்டாப்பை மேசையில் திறந்து வைத்தாள்.

"இன்னா எழுதிக் கொடுத்தீங்க நைனா? பாருங்க."

திரையில் பச்சை வெளி. நடுவில் சாஃப்டின் இரும்புக் கோபுரம். கேஜுக்குள் சின்ன ரோபோ. அவள் ஒரு பட்டனை அழுத்தினாள். கேஜ் மேலே கிளம்பியது. கோபுரத்தைத் தாண்டி, மேகத்தைத் தாண்டிப் போய் நின்றது. அங்கே நீல வானத்தில், பிடிப்பு எதுவும் இல்லாமல், என் லெவல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆழம்னு இன்னா போட்டீங்க?"

"ரெண்டாயிரத்து நானூறு அடி. சரியாத்தானே கீது?"

"மைனஸ் எங்க? இதுல தரைதான் சைபர். கீழ போனா மைனஸ் போடணும்."

"சாஃப்ட் வாயிலேர்ந்து கீழதாம்மா எண்ணுவாங்க. இந்த ஊர்ல மேல எண்ணறதுக்கு இன்னா கீது?"

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கும் தோணவே இல்ல. நானும் அப்படியே அடிச்சிட்டேன். ஆபீஸ்ல கேக்கறாங்க, உங்க ஊர்ல தங்கத்த ஆகாசத்துல தோண்டுவீங்களான்னு."

மைனஸ் போடக் கை வைத்தாள். "கொஞ்ச நேரம் அப்படியே வுடும்மா" என்றேன்.

இருபத்தொன்பது வருடத்தில் அந்த லெவலை நான் முழுதாகப் பார்த்ததில்லை. தலைவிளக்கு காட்டும் பத்துப் பன்னிரண்டு அடிதான் எங்களுக்கு. இப்போது அது வெயிலில் நின்றது. முதல் திருப்பம், மண்டியிட்டு நுழையும் இடம், உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறக்கும் அகலமான மூலை, எல்லாம் ஒரே பார்வையில். அந்த மூலையில் ஒரு நேரத்தில் ஒன்பது பேர் உட்காருவோம். அதில் இன்று இருப்பது இரண்டு பேர். ஒருவன் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறான். இன்னொருவன் நான்.

அவள் மைனஸ் போட்டாள். கேஜ் கீழே போனது. இருட்டு வந்தது, ரோபோவின் விளக்கு எரிந்தது. எனக்கு அதுதான் வீடு மாதிரி இருந்தது.

"இங்க சூடா இருக்கும்மா. சட்டை போட முடியாது."

"ரோபோவுக்கு வேர்க்காது நைனா."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். இந்தத் தப்பில் பத்து நாள் போய்விட்டது. திங்கட்கிழமைக்குள் முழு அளவும் வேண்டும். இல்லாவிட்டால் மீதி லெவலை ஆபீசில் தோன்றினபடி வரைந்துகொள்வார்கள்.

நான் எழுந்து பின்கட்டு வரை போய்த் திரும்பி வந்தேன். கொடுத்தால் சனிக்கிழமைகள் முடிந்தன. கொடுக்காவிட்டால், ஒன்பது பேர் உட்கார்ந்த மூலைக்கு அந்தப் பக்கம், கீழே இறங்கியே பார்க்காத யாரோ ஒருவர் சுவர் வைப்பார். கட்டிலுக்கடியில் கையை விட்டு டிரங்குப் பெட்டியை இழுத்தேன்.

அவள் மூன்று நோட்டையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அட்டாலின்னு சொன்னீங்க."

நான் முதல் நோட்டைப் பிரித்து மேசையில் வைத்தேன். அவள் அறுபத்திரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்தாள். பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், மாலை வண்டிக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. போனில் பேசினாள்: வேலை முடிந்தது, பிள்ளைகள் ஓட்டுகிறார்கள், மண்டியிடும் இடத்தில் எல்லா ரோபோவும் தலையை இடித்துக்கொள்கிறது. நன்றாகத்தான் பேசினாள். நான் 9.48க்கு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டு வருவேன். ஏழு சனிக்கிழமை அப்படிப் போனது.

எட்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே பெரியது. அன்றே அவளுக்குப் போன் செய்தேன். "வாங்கிட்டேம்மா. உன் சுரங்கத்த அதுல எப்படிப் போடறதுன்னு தெரியல."

சனிக்கிழமை வந்தாள். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "ஸ்கூல்ல கீற பழைய கம்ப்யூட்டர்லயே ஓடட்டும்னுதான் நைனா இத செஞ்சோம். இவ்ளோ பெருசு எதுக்கு?"

"கடைக்காரன் குடுத்தான்."

"நீங்க கேட்டீங்களா, அவனா குடுத்தானா?"

"ஒயர எங்க சொருவணும், அதச் சொல்லு."

சொருகிக் கொடுத்தாள். லெவலில் ரோபோவை நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து திருப்பம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அளந்த திருப்பத்தை எனக்கே சொன்னாள். நான் தெரியாதவன்போல் கேட்டுக்கொண்டேன். மூன்று மணி நேரம் இருபது நிமிடம் இருந்தாள். கம்ப்யூட்டர், அதற்கொரு மேசை, ஆட்டோ, அரைக் கிலோ ஆட்டுக்கறி எல்லாம் சேர்த்து, அந்தச் சனிக்கிழமைக்கு எனக்கு ஆன செலவு ரூபாய் 54,860.