செல்வி சொன்ன அயர்லாந்து ஊர்

மூணாறு கடையொன்றில் இன்று படத் தபால் அட்டைகள் தொங்குவதைப் பார்த்ததும், எழுபதுகளில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்துத் தள்ளப்பட்டுவிட்ட எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளும், பக்கத்து வீட்டுச் செல்வியின்மேல் நான் பட்ட பொறாமையும் ஒன்றாக நெஞ்சில் ஏறி வந்தன.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அயர்லாந்து சிஸ்டர், திரும்பிப் போகும்போது தன் ஊரின் படம் போட்ட அட்டை ஒன்றைச் செல்விக்குத் தந்திருந்தார். அன்றிலிருந்து, தகரக் கூரையில் மழை கொட்டும் சாயங்காலங்களில், பிள்ளைகளெல்லாம் அவளைச் சுற்றியே உட்கார்ந்தார்கள்.

“அங்க சேத்து மண்ண வெட்டிக் காயவச்சு, வெறகு மாதிரி அடுப்பெரிக்காவ. ஊருக்கு நடுவுல வாய்க்கால் வெட்டிப் படகு விடுதாவ. சாராயம் காச்சுத கம்பெனிதான் ஊருக்கே சோறு போடுது. பழைய கோட்டை ஒண்ணு இருக்கு, அதப் பாக்க சனம் அலைமோதும்” என்றாள் செல்வி ஒருநாள்.

“நம்ம ஊர்லயும்தான் தேயிலை ஃபாக்டரி இருக்கு” என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அந்த அட்டையைத் திருடிக்கொண்டுபோய்த் தேயிலைச் செடிகளுக்குள் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பாலமும் நாலு வீடும் ஒரு நாயும்தான் இருந்தன. அவள் பொய் சொன்னதைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஓடிப்போய் அவள் முன்னால் நீட்டினேன்.

“கோட்டை எங்கட்டி?”

“அதெல்லாம் படத்துல இல்லட்டி. ஊரு நெனப்பு வந்தா சிஸ்டரு எங்கிட்டதான் சொல்லி அழுவாவ” என்றாள் செல்வி, கோபமே இல்லாமல். “அட்டைய நீயே வச்சுக்க.”

அன்று நான் அழுதது திருடியதற்காக இல்லை. என்னிடம் யாரும் அப்படித் தன் ஊரைச் சொல்லி அழுததில்லையே என்றுதான்.