முதுகைத் தா, பிள்ளை

அப்பு படுக்க மறுத்த முதல் நாள், அதை வீம்பு என்றுதான் நினைத்தோம். கரைவலை இழுத்து முடிந்ததும் வாடிக்குள் (கரையோரக் கொட்டில்) வெறும் மணலில் மல்லாந்து, மீன் பிரிக்கும் கூச்சலுக்கு நடுவே குறட்டை விடுகிறவர் அவர். அன்று படுத்த கையோடு எழும்பி உட்கார்ந்தார். மறுபடி படுத்தார். மறுபடி எழும்பினார். கரை அவரை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்புவது போலிருந்தது.

மூச்சு முட்டுகிறது என்று அவர் சொல்லவில்லை. "மணல் சுடுது" என்றார். அது மாரி முடிந்து மணல் ஈரம் காயாத காலம்.

மூச்சு வாங்குகிற ஒருவரைக் கதிரையில் (நாற்காலியில்) இருத்தி, அவர் தலை சாயும் பக்கமெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்லலாம்.

முல்லைத்தீவுக் கரையில் அப்புவைப் பட்டாளத்தார் என்பார்கள். முதலாம் உலக யுத்தத்தில் பாஸ்ராவுக்குப் போய், அங்கே ஆற்றில் காயக்காரரை ஏற்றி இறக்கும் படகுகளில் வேலை செய்தவர். திரும்பி வந்து கலியாணம் முடித்து, வலை வைத்து, சம்மாட்டியாகி (கரைவலையின் சொந்தக்காரர்), பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் தன் குரலுக்கு ஒரே தாளத்தில் கயிறு இழுக்கும் ஒரு குடும்பத்தை உண்டாக்கினார். கோயில் திருநாளில் மாதாவின் சுருவத்தை (சொரூபத்தை) ஏற்றிவரும் சுருவக்கூட்டின் முன்கம்பு எப்போதும் அவர் தோளில்தான். யுத்தத்தைப் பற்றி மட்டும் அவர் கதைத்ததில்லை.

நான் அவருடைய கடைசி மகள், கடைக்குட்டி. ஓரிடத்தில் தரிக்காதவள் என்று பெயரெடுத்தவள். அப்போது மாங்குளத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆள் விட்டுக் கூப்பிட்டதும் லீவு எடுத்து வந்து, அவருடைய கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. கடற்கரையில் விரலால் குத்தினால் குழி உடனே நிரம்பிவிடும். இது நிரம்ப நேரமெடுத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் இளையவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"எத்தனை தலையணை வைச்சுப் படுக்கிறீங்கள், ஐயா?"

"தலையணை இல்லை. கதிரை."

"கதிரையை நான் எத்தனை தலையணை எண்டு எழுதுறது?"

அப்பு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நுரையாகி, அவரைப் பிடித்து நிமிர்த்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இருதயப் பலவீனம் என்றார் டாக்குத்தர் (இரத்தத்தை முழுப் பலத்தோடு தள்ள இருதயத்தால் முடியாத நிலை. தள்ளப்படாத நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். படுத்தால் அந்த நீர் நெஞ்சை அமுக்கும்). நீர் போக்க ஊசி போட்டார். இருதயத்துக்குக் குளிசை கொடுத்தார். பிறகு, "இனி உப்பு ஒரு கல்லும் கூடாது. உப்பு தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும்" என்றார்.

"நான் கடலுக்குள்ளை கிடந்து வளந்தவன். உப்பையும் விட்டால் என்னட்டை மிச்சம் என்ன இருக்கு?"

"மூச்சு இருக்கும் ஐயா."

அப்பு யன்னல் பக்கம் திரும்பினார். "அப்ப நான் எப்ப படுக்கலாம்?"

"வீக்கம் வத்தட்டும். வத்தினால் காலை நீட்டிப் படுக்கலாம்."

அன்று முதல் எங்கள் வீடு அந்த ஒன்றுக்காகவே காத்திருந்தது. அவர் காலை நீட்டிப் படுக்க வேண்டும். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குசினியிலிருந்த உப்புச் சட்டியைத் தூக்கி அயல் வீட்டில் கொடுத்தேன். அம்மா அப்புவுக்குச் சமைத்த அதே உப்பில்லாத சோற்றையே தானும் சாப்பிட்டார். "அந்த மனுசன் சப்பெண்டு தின்னேக்கை எனக்கு எப்பிடி இறங்கும்?" என்றார்.

கதிரையும் அப்புவுக்கு ஒத்துவரவில்லை. சாய்ந்தால் முட்டியது, குனிந்தால் வலித்தது. ஒரு பின்னேரம் பாயில் உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"முதுகைத் தா, பிள்ளை."

எனக்கு விளங்கவில்லை. திரும்பி இருக்கச் சொன்னார். என் முதுகோடு தன் முதுகைச் சேர்த்து, தலையை என் பிடரியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணயர்ந்தார். விலா எலும்புகள் விரிந்து சுருங்குவதை, உள்ளே ஈரம் கொறகொறப்பதை, என் முதுகால் கேட்டுக்கொண்டிருந்தேன். காது அவ்வளவு துல்லியமாகக் கேட்காது.

"இதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்று விழித்ததும் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. படகிலை சாயச் சுவர் இல்லை. நெஞ்சிலை சளி கட்டினவன் படுக்கமாட்டான். நாங்கள் முதுகு குடுப்பம்." பிறகு சொன்னார்: "ஒருத்தன் என்ரை முதுகிலை இருந்து செத்துப்போனான். எனக்கு உடனை தெரியும். ஆனால் நான் எழும்பினால் அவன் சரிஞ்சு விழுந்திடுவான். அதாலை படகு கரைக்கு வருமட்டும் அப்பிடியே இருந்தனான்."

அவ்வளவுதான் யுத்தத்தைப் பற்றி அவர் சொன்னது.

ஊசியில் வற்றிய கால் மறுபடி ஏறத் தொடங்கியது. குளிசை தவறவில்லை. உப்பு வீட்டிலேயே இல்லை. ஆனாலும் குழி ஆழமானது, வீக்கம் முழங்காலைத் தாண்டியது. டாக்குத்தர் அம்மாவை நேரே கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கோ அம்மா. கறிக்கு உப்புப் போடுறீங்களோ?"

"மாதாவாணை இல்லை, டாக்குத்தர்."

அம்மா பொய்யாக மாதாவின் பேரில் ஆணையிடுகிறவர் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து டாக்குத்தருக்கும் அது தெரிந்திருக்கும். ஊசியைக் கூட்டினார்.

ஒரு காலைமை, அப்புவுக்கான கஞ்சிக் கோப்பையோடு அம்மா சுருவத்தட்டுக்கு முன்னால் நிற்கக் கண்டேன். மாதா சுருவத்துக்குப் பின்னால் ஒரு சிறு போத்தல். எங்கள் கரையில், சோளகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலம்) வலை போடும் முதல் நாள் சுவாமியார் (பாதிரியார்) வந்து வலையை மந்திரித்து ஆசீர்வதிப்பார். அன்று தீர்த்தத்தோடு உப்பும் மந்திரிப்பார். வீட்டுக்கு வீடு அதில் ஒரு பிடி வாங்கி, அடுத்த சோளகம் வரை சுருவத்தடியில் வைத்திருப்போம். அம்மா சிலுவை அடையாளம் போட்டு, அந்தப் போத்தலிலிருந்து ஒரு நுள்ளு எடுத்துக் கஞ்சியில் போட்டார்.

"என்னம்மா செய்யிறியள்?"

"மெல்லக் கதை. மூண்டு நேரமும் போடுறனான். மூச்சு கூட வாங்கிற நாளிலை ரெண்டு நுள்ளு."

"அது உப்பெல்லே, அம்மா."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? அது மந்திரிச்சது."

வீக்கம் கூடக்கூட அம்மா தன் மருந்தைக் கூட்டியிருக்கிறார். அவர் டாக்குத்தருக்குச் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நான் அப்புவிடம் போனேன். சொல்ல வாயெடுக்கும் முன்பே அவர் கையை உயர்த்தினார்.

"எனக்குத் தெரியும். கடல்காரன்ரை நாக்குக்கு உப்புத் தெரியாதே?"

"தெரிஞ்சோ குடிச்சனீங்கள்?"

"அவளுக்கு வேறை என்ன செய்ய ஏலும், சொல்லு? ஊசி அவளின்ரை கையிலையோ இருக்கு?" மூச்சு எடுக்க நிறுத்தினார். "நீ அவளுக்கு ஒண்டும் சொல்லப்படாது. தான்தான் என்னை வீங்க வைச்சதெண்டு அறிஞ்சால் அவள் எனக்கு முந்திப் போயிடுவாள்."

"அப்ப நீங்கள் படுக்கவேண்டாமோ, அப்பு?"

அவர் முதுகைத் தரச் சொன்னார். அன்று அவர் தூங்கவில்லை. யோசிக்கிற முதுகுக்கும் தூங்குகிற முதுகுக்கும் வித்தியாசம் அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

பின்னேரம் அம்மா கஞ்சியோடு வந்தபோது அவரே தொடங்கினார்.

"இஞ்சேர், அந்தப் போத்தலைக் கொண்டு வா."

அம்மா களவு பிடிபட்ட பிள்ளை போல என்னைப் பார்த்தார்.

"நாக்கிலை வைச்சால் வயித்துக்கெல்லே போகுது. எனக்கு நோ நெஞ்சிலை. நெத்தியிலையும் நெஞ்சிலையும் பூசிவிடு."

"அப்பிடிப் பூசலாமோ?"

"சுவாமியார் வலையை மந்திரிக்கேக்கை வலையோ உப்பைத் தின்னுது? மேலைதானே தூவுறார்."

அம்மா யோசித்துப் பார்த்தார். அதில் நியாயம் இருப்பதாகப் பட்டிருக்க வேண்டும். "இஞ்சருங்கோ, அசையாமல் இருங்கோ" என்று, உப்பை நனைத்து, அவர் நெற்றியில் சிலுவை போட்டார். சட்டையை விலக்கி, நரைத்த நெஞ்சிலும் போட்டார். அப்பு கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை பிள்ளை பெற்ற பிறகும் அம்மா அவரை எங்கள் முன்னால் தொட்டு நான் கண்டதில்லை.

அதன்பின் தினமும் மூன்று நேரமும் அது நடந்தது. கால் வற்றத் தொடங்கியது. ஊசியும் குளிசையும்தான் வற்றச் செய்தன என்று நான் அறிவேன். அம்மா வேறொன்றை அறிவார். அப்பு இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

சோளகம் எழும்பிய ஒரு மதியம். அப்புவும் நானும் முதுகோடு முதுகாக இருந்தோம்; அம்மா பக்கத்தில் இருந்தார். உள்ளே கொறகொறப்பு இல்லை. வற்றுக் கடல் போலக் கிடந்தது அவர் மூச்சு.

"முதுகை எடு, பிள்ளை."

எனக்குப் பயம். அன்று படகில் எழும்பாமல் இருந்த அவரையே நினைத்தேன். நான் எழும்பினால் இவர் சரிந்துவிடுவார்.

"எடு எண்டுறன்."

ஒரு கையை அவர் தோளுக்குக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விலகினேன். அவர் பின்னால் சாய்ந்தார், இன்னும் சாய்ந்தார், பாயில் முழுவதும் படுத்தார். காலை நீட்டினார். நாங்கள் மூன்று பேரும் மூச்சுக்காகக் காத்திருந்தோம். அது வந்தது. அடுத்ததும் வந்தது. அம்மா குனிந்து அவர் நெற்றியில் உலர்ந்திருந்த உப்பை முந்தானையால் மெல்லத் துடைத்தார்.

"மணல் சுடேல்லை" என்றார் அப்பு. குறட்டை விடத் தொடங்கினார்.

அதன் பிறகும் இரண்டு மாரி கண்டார். கடைசியில் போனதும் படுத்தபடிதான், நித்திரையில். அம்மாவும் இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது. உப்பில்லாத வீட்டில் உப்பு எப்படி வருகிறது என்று தேடுகிறவர்கள், நோயாளியின் மேல் அதிகம் அன்பு வைத்திருப்பவரின் கையை ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டு, அவசரப்பட்டு எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

நான் இன்னமும் ஓரிடத்தில் தரிப்பதில்லை. ஆனால் பஸ்ஸிலோ கோயில் வாங்குப் பலகையிலோ எதன் மேலாவது சாய்ந்தால், என் முதுகு முதலில் சற்று நேரம் அசையாமல் காத்திருக்கிறது. பின்னாலிருந்து ஒரு மூச்சு வரவேண்டும். அது வராது என்று எனக்குத் தெரியும். முதுகுக்கு இன்னும் சொல்லவில்லை.