பூமியைவிடப் பெரிய புள்ளி

ஜம்புலிங்கத்துக்குத் திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் சோடாக் கடை. சோடாவைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும், அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் மனுஷன் வாசலில் நிற்கிற ஆளைப் பார்க்கமாட்டார், தகரக் கூரையைப் பார்ப்பார். கூரையில் ஓர் ஓட்டை. தானாக விழுந்த ஓட்டையா? அதுதான் இல்லை. அவரே ஏணி போட்டு ஏறி, உளியால் தட்டியது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

எல்லாம் மச்சான் கங்காதரனால் வந்தது. பெண்டாட்டி கன்னியம்மாளின் தம்பி, அரக்கோணம் ரயில் ஷெட்டில் ஃபிட்டர். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு பைனாகுலர் வாங்கினான். மாமனும் மச்சானும் அதை நடுவில் அறுத்து, ஆளுக்கு ஒரு கண்ணாகப் பிரித்துக்கொண்டார்கள். ஜம்புலிங்கத்தின் கண் கூரை ஓட்டையில் உட்கார்ந்தது. காலையில் அதன் வழியாகச் சூரியன் இறங்கி, எதிரே கட்டிய வெள்ளை வேட்டியில் அப்பளம் அளவுக்கு விழும். அதில் கறுப்பாகச் சில புள்ளிகள் தெரியும்.

சூரியனில் பெரிய புள்ளி வந்தால் இங்கே தந்தியும் ரேடியோவும் திணறும் என்று பட்டாளத்து வயர்லெஸ்காரன் ஒருவன் கங்காதரனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் இதே பைத்தியம். திருத்தணி அரக்கோணம் சூரியப் புள்ளிச் சங்கம் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. உறுப்பினர் இரண்டே பேர். தலைவர் பதவிக்கு மட்டும் ஓயாத சண்டை.

ஆடி மாதத்தில் ஒரு மழை அடித்தது. கலர் சோடாவுக்கென்று வைத்திருந்த ரேஷன் சர்க்கரை ஓட்டைக்கு அடியில் பாகாக ஓடியது. கன்னியம்மாள் கத்தவில்லை. ஒரு டப்பா தார் வாங்கி வந்து கடை மூலையில் வைத்தாள்.

"உங்க ரெண்டு பேரைத் தவிர இந்த ஊர்ல இன்னொரு ஆளு புள்ளியைப் பார்த்து ஆங், தெரியுதுன்னு சொல்லட்டும். ஓட்டை இருந்துட்டுப் போவட்டும். இல்லன்னா கிருத்திகைக்கு முன்ன நானே அடைச்சிடுவேன்."

ஜம்புலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது? கூப்பிட்டவர்களெல்லாம் சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டுப் போனார்கள். போதாக்குறைக்கு மலைமேல் மேகம் வந்து குந்திக்கொண்டு, நாலைந்து நாளாகச் சூரியனே இல்லை.

அப்போதுதான் அரக்கோணத்திலிருந்து ரயில் கார்டு வழியாக வாய்ச்சேதி வந்தது. கங்காதரன் சொன்னது இதுதான்: "பெரிய புள்ளி வந்துடுச்சு. இங்க பார்த்துட்டேன். மேகம் கலையுது, நாளைக்குக் காத்தால திருத்தணியில தெரியும். நானும் வரேன்." அதை வாங்கிய போர்ட்டர் பெருமாள் மரியாதை தெரிந்தவன். பெரிய புள்ளியை யாராவது 'வந்துடுச்சு' என்பார்களா? 'வந்துட்டாரு' என்று திருத்தி, வழியில் ஜவுளிக்கடை பக்தவச்சலத்தின் காதிலும் போட்டுவிட்டுத்தான் ஜம்புலிங்கத்திடம் வந்தான்.

பக்தவச்சலம் ஊருக்கு யார் வந்தாலும் முதல் மாலை போடுகிறவர். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சோடாக் கடைக்கு ஓடி வந்தார்.

"பெரிய புள்ளி வராராமே, நெசமா?"

ஜம்புலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் கழித்து ஒருத்தர் தானாக வந்து கேட்கிறார், அதுவும் புள்ளிக்கு மரியாதை கொடுத்து. தானும் கொடுத்தார்.

"ஆங், வராருங்க. காத்தால கிழக்கால தெரிவாரு."

"ரொம்பப் பெரிய புள்ளியோ?"

"நம்ம பூமி மாதிரி பத்துப் பூமி உள்ள அடங்குங்க."

பக்தவச்சலத்துக்குப் பொதட்டூர்பேட்டை ரோட்டில் நாலு காணி பூமி உண்டு. அதைப் பத்தால் பெருக்கிப் பார்த்து அசந்துபோனார்.

"எங்க தங்குவாரு?"

"தங்கமாட்டாருங்க. நகர்ந்துகினே போயி மேற்கால மறைஞ்சிடுவாரு. அவரு வந்தா தந்தியெல்லாம் நின்னுடும், பாருங்க."

ரகசியப் பயணம் என்று புரிந்துகொண்ட பக்தவச்சலம், பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஸ்டேஷனில் வாழைமரம், நாதஸ்வரம், ரோஜா மாலை. ரயில் நின்றது. கழுத்தில் அரை பைனாகுலரோடு கங்காதரன் மட்டும் இறங்கினான். நாதஸ்வரம் முழங்க, கைதவறி ஒரு மாலையும் அவன் கழுத்தில் விழுந்தது. சங்கத்துக்கு இவ்வளவு மவுசா என்று அவன் பூரித்துப்போனான்.

"புள்ளி எங்கப்பா?" என்றார் பக்தவச்சலம்.

"மேல கீறாருங்க."

"அதுக்குள்ள மலைக்குப் போயிட்டாரா?"

"மலைக்கு இல்லீங்க, சூரியன்ல."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்தவச்சலத்தின் முகம் சுண்டிப்போனது.

"கடைக்கு வாங்க, காட்டறேன்" என்றார் ஜம்புலிங்கம். ஊரே கடைக்குள் நெருக்கியடித்து நுழைந்தது. வேட்டியில் சூரியன், ஓரத்தில் கரிக்கட்டையை அழுத்தி வைத்தாற்போல அந்தப் புள்ளி. ஜம்புலிங்கம் வாயைத் திறப்பதற்குள் பக்தவச்சலம் முந்திக்கொண்டார்.

"நான் சொன்ன பெரிய புள்ளி யாருன்னு நெனைச்சீங்க? சாட்சாத் சூரிய பகவான்!"

சொல்லிக்கொண்டே மிச்சமிருந்த மாலையை வேட்டியில் மாட்டினார். அது சரியாகப் புள்ளியின்மேல் விழுந்து மூடிக்கொண்டது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"மாலையைக் கொஞ்சம் ஒதுக்கினா..." என்று ஜம்புலிங்கம் கெஞ்சினார்.

"சாமி மாலையில கை வைக்கிறியே, உருப்படுவியா?" என்று அவரையே திட்டிவிட்டுக் கலைந்தார்கள். அத்தனை பேரும் முருகா என்றார்கள். ஒருத்தர்கூட ஆங் என்று சொல்லவில்லை.

கன்னியம்மாள் தார் டப்பாவோடு வந்தாள். கங்காதரன் தலையைக் குனிந்துகொண்டு ஏணியை எடுத்து வைத்தான். அவள் முதலில் மாலையைக் கழற்றிப் போட்டாள். வேட்டியை உற்றுப் பார்த்தாள்.

"மேகம் போடறதுக்கு முன்ன இந்தப் பக்கம் குட்டியா ரெண்டு இருந்துச்சே, எங்க?"

"அது மேற்கால போயி மறைஞ்சிருக்கும்க்கா" என்று சொன்ன பிறகுதான் கங்காதரனுக்கு அக்கா கேட்டது உறைத்தது.

"நீ எப்பப் பார்த்த?" என்று பெண்டாட்டியைக் கேட்டார் ஜம்புலிங்கம்.

"நீ சோறு துன்னப் போறப்போ கடையில யாரு குந்திகினு இருக்கறாங்க?"

"அப்போ அன்னிக்கே ஆங்னு சொல்லியிருக்கலாமே."

"ஊரையெல்லாம் கூப்ட்டுக் கேட்ட. என்னைக் கேட்டியா?"

ஜம்புலிங்கத்துக்குச் சுருக்கென்றது. தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஜவுளிக்கடைக்காரரிடம் பேசிய அதே பணிவோடு கேட்டார்.

"கன்னியம்மா, புள்ளி தெரியுதா?"

"ஆங்" என்றாள். தார் டப்பாவை மூலையிலேயே வைத்துவிட்டு, சர்க்கரை மூட்டையை மட்டும் தள்ளிப் போடச் சொன்னாள். அன்றோடு சங்கத்தில் தலைவர் பதவிச் சண்டையும் தீர்ந்துபோயிற்று.