காதர் பாய் மாற்றி உட்காரவைத்த பெஞ்சு

காதர் பாய் போய்விட்டார்.

காலையில் அவர் பேரன் போனில் சொன்னான்... கல்மண்டபத்தில் டீக்கடை வைத்திருந்தாரே, அந்தக் காதர் பாய். எனக்கே எண்பத்தொன்பது. அவர் என்னைவிட மூத்தவர்.

ஐம்பதுகளில் அந்தக் கடையில் ஒரு சட்டம். ஒரே வேலை பார்க்கிற இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது.

"ஒரே பட்டறை ஆளுங்க சேந்தா மேஸ்திரிய திட்டிக்கினே ஒரு மணி நேரம் ஓட்டுவீங்க. எனுக்கு பேஜாரு. எந்திரி நைனா, அங்க போயி குந்து."

அவ்வளவுதான் காரணம். பெரிய யோசனையெல்லாம் இல்லை.

நான் அப்போது லாரிப் பட்டறையில் ஃபிட்டர். காத்திவாக்கத்தில் அக்கா வீட்டுக்காரர் படகுக்குப் பழைய லாரி இன்ஜின் ஒன்றை மாட்டிக் கொடுத்திருந்தேன். தண்ணீருக்குள் படகைத் தள்ளுகிற விசிறியைச் சுற்றும் ராடு, படகைவிட்டு வெளியே போகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

லாரியில் ஒழுகினால் இறுக்குவோம். அதே புத்தி... ஒரு சொட்டும் வராதபடி இறுக்கினேன். நடுக்கடலில் ராடு சூடேறிப் புகைந்துவிட்டது.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா இன்ஜினை கய்ட்டி கரைல போட்ருவேன் மச்சான். என் தம்பிங்களும் இதுலதான் வரானுங்க" என்றார் மாமா. அக்கா என்னோடு பேசவே இல்லை.

மறுநாள் கடையில் பாய் என்னைப் பட்டறை ஆள் பக்கத்திலிருந்து கிளப்பி, துறைமுகத்தில் பம்பு ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்காரவைத்தார். டீ ஆவி... வெளியே கடலை மறைத்த பனி... நான் புலம்பினேன். அவர் சிரித்தார்.

"முழுசா அடைக்கக் கூடாதுபா. கொழுப்புல ஊறவச்ச பருத்திக் கயித்த ராடு மேல சுத்து. சொட்டு சொட்டா தண்ணி வரட்டும், அதான் ராடை குளுர வைக்கும்."

எதிரே இருந்த வலைக்காரர், கயிற்றைப் பின்னிச் சுற்றினால் பிரியாது என்று தன் துண்டின் நூலிலேயே பின்னிக் காட்டினார்.

சுற்றினேன். சொட்டு சொட்டாக வந்தது. படகு முகத்துவாரம் தாண்டிப் போய், பத்திரமாகத் திரும்பியது. அந்த இன்ஜினின் டப்டப் சத்தம் இப்போதும் மத்தியானத் தூக்கத்தில் கேட்கிறது... அக்கா அன்று எனக்குத்தான் முதலில் மீன் வறுத்துப் போட்டாள்.

ஓடிப்போய் பாயிடம் சொன்னேன். "அதெல்லாம் எனுக்கு இன்னா தெரியும்? டீ ஆறுது, குடி."

இன்று அவர் வீட்டு வாசலில் வரிசையாக நாற்காலிகள். பழைய பட்டறை சிநேகிதன் ஒருவன் கைகாட்டிக் கூப்பிட்டான்.

போகவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இன்னா வேலை பாக்குறபா?" என்று கேட்டேன்.

மாறி குந்திட்டேன் பாய்... போய் வாங்க.