ஆறு பை அரிசி

போன வருடம் பாலோவில் எங்கள் பழைய எஸ்டேட் கோயில் திருவிழா முடிந்து கிளம்பும்போது, இரண்டு ஆண்கள் சேர்ந்து என்னைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். என் கணவர் உள்ளே நின்று கைகளைப் பிடித்து இழுத்தார். என் தங்கையின் கணவர் கீழே நின்று முதுகில் கைவைத்துத் தள்ளினார். நடுவில் நான், பட்டுப்புடவையில், உரமூட்டை மாதிரி. சுற்றிலும் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த முகங்கள். எஸ்டேட்டை விட்டு ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் எல்லாம் வருடத்தில் ஒரு நாள் அங்கே கூடுவோம். சாமி கும்பிடுவது பாதி, யார் யாருக்குக் கிழடு தட்டிவிட்டது என்று பார்ப்பது மீதி. அந்த வருடம் எல்லோருக்கும் நான்தான் கிடைத்தேன்.

"அக்காவுக்கு ரொம்ப முடியலை போல, பாவம்லா," என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.  வீட்டு வாசலில் வண்டி நின்றதும் கணவரிடம் சொன்னேன்.

"அடுத்த வருஷம் நானா ஏறி நானா இறங்குறதுன்னா வர்றேன். இல்லாட்டி கோயிலும் வேணாம், உங்க வேனும் வேணாம்."

அந்த வேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணத்தைவிட வயது கூடியது. உள்ளே மடக்குக் கட்டில், ஓர் அடுப்பு, கைகழுவும் தொட்டி, ஜன்னலுக்கு நான் தைத்த திரைச்சீலை எல்லாம் உண்டு. சிங்கப்பூருக்குத் தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வந்த மனிதர், ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக இதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நான் சண்டை போட்டேன். பிறகு பொந்தியானுக்குப் போய்க் கடலைப் பார்த்து நிறுத்தி, சொந்த அடுப்பில் தேநீர் போட்டுக் குடித்த அன்று சண்டையை விட்டுவிட்டேன். இந்த வேனுக்கு இயந்திரம் பின்னால் இருக்கிறது. முன்னால் மூக்கே கிடையாது. முன் இருக்கையில் உட்கார்ந்தால் கண்ணாடி நிறையச் சாலைதான். அந்த இருக்கை என்னுடையது.

அதில் ஒரு தொல்லை. அந்த இருக்கை முன்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறது. படியில் கால்வைத்து, சக்கரத்தைத் தாண்டி ஏற வேண்டும். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த உயரத்துக்கு என் கால் மடங்கவில்லை. முக்காலி போட்டுப் பார்த்தோம். ஏறிவிடலாம், ஆனால் ஏறிய பிறகு அதை எடுத்து உள்ளே வைக்க ஒருவர் வேண்டும், இறங்கும்போது எடுத்துப் போட ஒருவர் வேண்டும். எனக்கு ஆள் வேண்டாம் என்பதுதானே பிரச்சினையே.

"அப்ப வண்டியோட முன்பக்கத்த இறக்கிடலாம்," என்றார் அவர். சொன்ன வேகமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இந்த மாதிரிப் பழைய வேன் வைத்திருக்கும் ஆண்கள் ஒன்று சேர்ந்தால், முன்பக்கம் தாழ்ந்த வேனைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, அடியில் எட்டிப் பார்த்து, "ஸ்டைலா இருக்குலா" என்று உருகுவதை நான் பார்த்திருக்கிறேன். மனுஷனுக்கு அந்த ஆசை பல நாளாக இருந்தது. இப்போது என் முட்டி வசமாக மாட்டிக்கொண்டது.

இரண்டு சனிக்கிழமையில் முடிகிற வேலை என்றார். எட்டு மாதம் ஆனது.

தெப்ராவில் ஒரு பட்டறை. அந்தப் பட்டறைக்காரர் நம்மவர், நாற்பது வயதிருக்கும், பழைய வண்டி என்றால் உயிரை விடுவார். அவர் எனக்கு விளக்கினார். இந்த வேனுக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாதாம். குறுக்கே இரண்டு இரும்புக் குழாய்கள். அவற்றுக்குள் பட்டையான ஸ்பிரிங் தகடுகள் கட்டுக்கட்டாக இருக்கும். அவை முறுக்கிக்கொண்டுதான் பாரம் தாங்குமாம். குழாயை நடுவில் வெட்டி, திருகாணி வைத்த ஒரு துண்டைப் பற்றவைத்துவிட்டால், பிறகு வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

"அவ்வளவுதாங்க்கா. ஈஸி," என்றார்.

வெளிநாட்டிலிருந்து வந்த துண்டு வேறு வருட மாடலுக்கானது. திருப்பி அனுப்பி வேறு வந்தபோது, பழைய போல்ட்டுகள் துருப்பிடித்து அசைய மறுத்தன. அவை அசைந்தபோது, பற்றவைக்கிறவர் ஊருக்குப் போயிருந்தார். அவர் வந்தபோது, அதிர்வு தாங்குகிற அப்சார்பர் நீளம் கூடுதல் என்று தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர் காலையில் போய், கறுத்த கையோடு திரும்பி, "இன்னும் கொஞ்சம்தான்" என்பார். முதல் மூன்று சனிக்கிழமைகள் நானும் போனேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு ஆண்கள் ஒரு போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வழியாக வேன் வீட்டுக்கு வந்தது. கழனித்தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி முன்னால் குனிந்து நின்றது. எங்கள் தாமான் குடியிருப்பில் தெருவுக்கு இரண்டு வேகத்தடை. முதல் தடையிலேயே அடிப்பக்கம் உரசிய சத்தத்துக்கு எதிர்வீட்டு மலாய்க்காரம்மா வெளியே வந்து, "அலமாக்!" என்று நெஞ்சில் கைவைத்தார்.

"அஞ்சு அங்குலம் இறக்கிட்டோம். கொஞ்சம் ஓவர்தான்," என்று இவர் ஒத்துக்கொண்டார்.

"யாரு இறக்கச் சொன்னா அஞ்சு?"

"பார்க்க நல்லாருந்துச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சமைக்கவில்லை.

மறுபடி பட்டறை. இந்த முறை ஒழுங்காக, பாரம் வைத்துப் பார்த்து அளவு வைப்பது என்று முடிவாம். சக்கரத்துக்கும் அதன் மேல்வளைவுக்கும் இடையே இடைவெளி எவ்வளவு என்பது, மேலே உட்காருகிறவரின் எடையைப் பொறுத்தது. நான் இங்கே வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது, அவர்தான்.

"இந்தா, உன் வெயிட் எவ்வளவு?"

பின்னால் பட்டறைச் சத்தம் எதிரொலித்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். பட்டறைக்காரர், பற்றவைக்கிறவர், என் கணவரின் வேன் சிநேகிதர்கள் இரண்டு மூன்று பேர், எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. ஒரு பொம்பளையிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்கிற இடமா?

"அறுபது," என்றேன்.

 "அறுபது. சரி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

உண்மை எழுபத்தெட்டு. தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் அளவு சரிபார்க்கிற வேலை பார்த்தவள் நான். அரை மில்லிமீட்டர் கூடினால் சாமானைத் தூக்கிச் சிவப்புக் கூடையில் போட்டவள். ஆனாலும் அறுபது என்றேன். கல்யாணத்தின்போது ஐம்பத்திரண்டு, அதைப் பார்க்க அறுபதே நான் பெரிய மனது பண்ணிச் சொன்ன எண். முட்டிக்கு எடையைக் குறைக்கச் சொன்ன டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, "குறைஞ்சிட்டு வருது" என்று வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன். அதை அத்தனை ஆம்பளைகள் முன்னால் எப்படி மாற்றுவது?

அன்று மாலை அவர் ஆறு பை அரிசியோடு வந்தார். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. ஆறையும் என் இருக்கையில் அடுக்கி, என்னைப் போலவே பெல்ட்டும் போட்டு, வேனை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து அளவு வைத்தார்களாம். பைகள் மேலெல்லாம் கிரீஸ் கை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அறுபது கிலோ அரிசியை எங்கே வைப்பது என்று அதற்கும் ஒரு சண்டை போட்டேன். சண்டை போடும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திருவிழா அன்று காலை, வாசலில் வேன் மூன்று அங்குலம் தாழ்ந்து நின்றது. நல்ல காலைப் படியில் வைத்து, கைப்பிடியைப் பற்றி, ஒரு மூச்சு. உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதக் கோபத்தையும் மறந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

தாமானைத் தாண்டும்போது வேகத்தடையில் எனக்கு நேர் கீழே 'கர்' என்று ஒரு சத்தம். நான் இருமினேன். அடுத்த தடையில் மறுபடி. மறுபடி இருமினேன். அவர் வானொலியைச் சத்தமாக வைத்தார். நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒன்றும் கேட்கவில்லை. பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலோவில் கோயில் வாசலில் நானே இறங்கினேன். வேண்டுமென்றே மெதுவாக, எல்லோரும் பார்க்கிற மாதிரி. பாவம் என்று சொன்னவளும் பார்த்தாள். "அக்கா நல்லாயிட்டீங்க போல!" என்றாள். "நல்லாத்தான் இருக்கேன்," என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். சாமி கும்பிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டு, கிளம்புகிற நேரத்தில் வேனுக்குப் பூசை. பூசாரி நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார். நான் நானாகவே ஏறி உட்கார்ந்தேன். ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். பழங்கள் நசுங்கின. வேன் இடப்பக்கம் திரும்பி, செம்மண் பாதையின் பள்ளத்தில் இறங்கியது.

'கர்ர்ர்ர்' என்று எனக்குக் கீழே ஒரு நீண்ட அரைப்பு. ரப்பர் கருகும் நாற்றம். என் கணவர் வேனை நிறுத்தி இறங்கினார்.

"பழம் நசுங்கின கையோட இப்பிடியா? கண்ணு பட்டுருச்சுலா," என்றது கூட்டம். பூசாரி அடுத்த பழத்துக்குத் தட்டைத் துழாவினார். என் தங்கை கணவர் குனிந்து பார்த்து, "முன்னால லோடு கூடுதல், சகல. அக்காவப் பின்னால உக்கார வெச்சிரலாம். நான் ஒரு கை பிடிக்கிறேன்," என்றார். அந்தக் கையை எனக்குத் தெரியும். போன வருடக் கை. ஏற்கனவே முழுக்கைச் சட்டையின் கையை மடித்துவிட்டிருந்தார்.

 கணவரை ஜன்னலுக்கு அருகில் கூப்பிட்டேன்.

"ஏங்க. நான் அறுபது இல்ல. எழுபத்தெட்டு."

"தெரியும்."

"தெரியுமா?"

"வெயிட் எழுதின ஆஸ்பத்திரி அட்டையை வாங்கிப் பையில வைக்கிறது யாரு? நான்தானே."

"தெரிஞ்சுமா ஆறு பை வெச்சீங்க? உங்களுக்கு அறிவு வேணாம்?"

"நீ அறுபதுன்னு சொல்லிட்டே. அத்தனை பேரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் எட்டு பை அடுக்கினா, உன்னைப் பொய்க்காரின்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

முப்பத்தொரு வருடமாக இந்த மனிதரோடு குடித்தனம். கையை ஓங்குவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

அவர் கூட்டத்தைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போல்ட் லூசாயிருக்கு," என்றார். ஜாக்கியை எடுத்தார். நான் இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செம்மண்ணில் மல்லாந்து படுத்து வேனுக்கடியில் நுழைந்தார். அரைமணி நேரம் அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வெள்ளை வேட்டி இனி எதற்கும் ஆகாது. எழுந்து வந்து ஜாக்கியை இறக்கியபோது, முன்பக்கம் ஓர் அங்குலம் உயர்ந்திருந்தது. அந்த ஓர் அங்குலம் என் முட்டிக்குத்தான் வந்து சேர்ந்தது.

படியில் காலை வைத்தேன். உந்தினேன். முடியவில்லை. கால் கீழே வந்துவிட்டது. ஐம்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதுதான் கொடுமை. தங்கை கணவர் ஓடி வந்தார்.

"விடுங்க சகல," என்றார் இவர். "அவளே ஏறுவா." சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல், கரிக்கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தேன். முட்டிக்குள் ஏதோ கிழிகிற மாதிரி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, இருக்கையில் விழுந்தேன். அழகாக ஏறவில்லை. புடவைக் கொசுவம் கலைந்துவிட்டது. ஆனால் என்னை யாரும் தொடவில்லை. வேன் என் பக்கம் அமிழ்ந்தது. இவர் குனிந்து, சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்துப் பார்த்து, "இடம் இருக்கு," என்றார்.

பள்ளத்தில் இறங்கினோம். சத்தம் இல்லை. பாலோ ரயில் நிலையத்தைத் தாண்டினோம்.

"இப்ப எத்தனை கிலோவுக்கு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"எண்பத்தஞ்சு."

"எழுபத்தெட்டுன்னுதானே சொன்னேன்! மிச்சம் ஏழு யாருக்கு?"

"அடுத்த வருஷத்துக்கு."

வந்த கோபத்துக்கு, வண்டியை நிறுத்தச் சொல்லி அங்கேயே இறங்கி நடந்திருப்பேன். ஆனால் இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே.