சங்கிலிப்பாண்டி சொன்ன மூன்றாம் பாகம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள ஓர் அரசு அலுவலகத்துக்குப் போன் செய்கிறவர்களுக்கு முதலில் கேட்பது ஜெபக்குமாரின் குரல்தான். நாற்பத்தேழு வயது, பார்வை இல்லாதவர். தினமும் காலையில் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எந்த மேசைக்கு எந்த எண் என்று புத்தகம் பார்க்காமல் சொல்வார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் சினிமாப் பேச்சு வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார்.

'ஆறாம் வளைவு' என்று ஒரு படம், தொண்ணூற்றெட்டில் வந்தது. மலைப்பாதையில் லாரி ஓட்டும் வேலப்பன் என்பவனின் கதை. சக்கைப்போடு போட்டதால் இரண்டாவது, மூன்றாவது என்று எடுத்துக்கொண்டே போனார்கள். முதல் பாகத்தை ஊரே கொண்டாடியது. இரண்டாவது பரவாயில்லை என்றார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே சிரிப்பார்கள். ஜெபக்குமார் ஒருவர்தான், அந்த மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் உசத்தி என்று, வேலைக்கு வந்த நாளிலிருந்து பதின்மூன்று வருஷமாகச் சாதித்துக்கொண்டிருந்தார்.

நான்காம் பாகம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்த வாரம், இளநிலை உதவியாளர் சத்யப்பிரியா இதைக் கையில் எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மனதில் பட்டதை மறைக்கத் தெரியாத பெண்.

"அது தரம் இல்ல சார். அவங்கவங்க வயசுல பாத்தது அவங்கவங்களுக்கு உசத்தியாத் தெரியும். எங்கப்பாவும் இப்படித்தான். முதல் பாகத்தத் தவிர மத்ததெல்லாம் படமே இல்லம்பாரு."

"அப்ப நானும் முதல் பாகத்தயில்ல சொல்லணும்?" என்றார் ஜெபக்குமார். "எனக்கு இருபது வயசு அப்ப. ரெண்டு கண்ணும் நல்லாருந்துச்சு. மூணாவது வந்தப்ப கண்ணு இல்ல, வேலை இல்ல. என் வாழ்க்கையில அதவிட மோசமான வருஷம் கிடையாது. அந்த வருஷத்து மேல எனக்கு என்னம்மா ஏக்கம் இருக்கப்போகுது?"

மேசையில் இருந்தவர்கள் அன்றைக்கு ஜெபக்குமார் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

அவர் சொன்னது உண்மைதான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. நூலைக் கருப்புப் பலகையில் நெருக்கமாகச் சுற்றி, நூலில் திரண்டிருக்கும் திப்பி எத்தனை, மெலிந்த இடம் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதில் இருட்டினால் தடுமாற ஆரம்பித்தார். பிறகு பலகையின் ஓரங்கள் மறைந்தன. மதுரைக்குப் போனபோது, விழித்திரை தேய்ந்துகொண்டே வருகிறது, நிறுத்துவதற்கு மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முப்பது வயதில் முழு இருட்டு. மனைவி ஹெப்சிபா பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போனாள். ஜெபக்குமார் கட்டிலைவிட்டு இறங்குவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை, கோயிலுக்குக் கூப்பிட்டால் நீ போ. மதுரையில் பார்வை இல்லாதவர்களுக்கு டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி இருக்கிறது என்று அவள் விண்ணப்பம் வாங்கி வந்தபோது, அதைத் தொடக்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சங்கிலிப்பாண்டி வந்து நின்றான். ஆலையில் ஃபிட்டர், கூமாப்பட்டிக்காரன். முதல் இரண்டு பாகங்களையும் இருவரும் சேர்ந்துதான் பார்த்திருந்தார்கள்.

"ஏலே ஜெபா, மூணாவது வந்திருக்கு. கெளம்பு."

"நான் வந்து என்னத்தப் பாக்க?"

"நான் பாக்கேன். ஒனக்குச் சொல்லுதேன். கெளம்புலே."

மாட்டினி ஷோ. கொட்டகையில் பாதிகூட நிறையவில்லை. ஜெபக்குமாருக்கு வசனம் காதில் விழுந்தது. மீதியெல்லாம் சங்கிலிப்பாண்டி காதோரம் சொன்னதுதான். ஆரம்பத்திலேயே விபத்தில் வேலப்பனின் வலது கை செயலற்றுப் போய்விடுகிறது. இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்கிறார். அப்புறம் ஒரு பாட்டு, வரி ஒன்றும் விளங்காத ஒரே இரைச்சல்.

"என்னலே நடக்கு?" என்று ஜெபக்குமார் கேட்டார்.

சங்கிலிப்பாண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "மழை பெய்யுது. ஆறாம் வளைவுல தனியா நிக்கான். இடது கையில ஒரு செவப்புக் கொடி. கீழ இருந்து லாரி வருது. கொடியக் காட்டி நிறுத்துதான். மேல இருந்து வாறத விடுதான். பொறவு கீழ நின்னவனப் போகச் சொல்லுதான். ஒரு வண்டி விழல. டிரைவர் அம்புட்டுப் பேரும் அவனப் பாத்து ஆரன் அடிச்சிட்டுப் போறான்."

பாட்டில் நிஜமாகவே ஹாரன் சத்தம் கேட்டது. ஜெபக்குமார் நண்பனின் கையைப் பிடித்தவர், படம் முடிகிறவரைக்கும் விடவில்லை. கடைசியில் பெரிய வெடிச்சத்தம். அப்போதும் சங்கிலிப்பாண்டி, "வில்லன் வண்டிதான் விழுது. நம்மாளு அடிக்கவே இல்ல. கொடியக் கீழ போட்டுட்டு, அவனத் தூக்க எறங்கி ஓடுதான்" என்றான்.

வீட்டுக்கு வந்த ஜெபக்குமார், மனைவியிடம் முதலில் கேட்டது அந்த விண்ணப்பத்தை. பயிற்சி, பரீட்சை, வேலை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இத்தனை காலம் கழித்து, நான்காம் பாகத்துக்கு முன்னோட்டமாகப் பழைய பாகங்களைச் செல்போனில் பார்க்கும்படி வெளியிட்டார்கள். பார்வை இல்லாதவர்களுக்காகக் காட்சிகளை ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும் வசதியும் அதில் இருந்தது. சத்யப்பிரியாதான் தேடிக் கண்டுபிடித்து, ஜெபக்குமாரின் போனில் போட்டுக் கொடுத்தாள். "முழுசாக் கேட்டுட்டு வாங்க சார். நீங்க சொல்றதுதான் சரின்னா நான் ஒத்துக்கிடுதேன்."

சனிக்கிழமை மத்தியானம், ஹெப்சிபாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார். விபத்து வந்தது. டாக்டர் பேசினார். பாட்டு தொடங்கியது.

"பனிமலை," என்றது அந்தக் குரல். "சிவப்புக் கோட்டு அணிந்த வேலப்பன் நடனமாடுகிறான். கையில் கட்டு இல்லை. பின்னால் முப்பது பெண்கள். வெள்ளைக் காரில் கதாநாயகி ஹாரன் அடிக்கிறாள்."

ஜெபக்குமார் நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டார். பனிமலைதான். மழை இல்லை, வளைவு இல்லை, கொடி இல்லை. கடைசிக் காட்சியில் லாரி ஹெலிகாப்டர் மேல் பறந்து மோதியது. வேலப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான்.

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இந்தப் படத்துக்காகவா எல்லார்கிட்டயும் சண்டை போட்டிய?"

அவர் சிரிக்கவில்லை. ஏமாந்துவிட்ட மாதிரி முதலில் கசந்தது. தன்னைக் கட்டிலிலிருந்து எழுப்பிய காட்சி எங்கேயும் இல்லவே இல்லை. அதை நம்பி எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறார். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும், ஹெப்சிபாவைக் கூட்டிக்கொண்டு வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டிக்குப் போனார். சங்கிலிப்பாண்டி ஆலை வேலையை விட்டுவிட்டுத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"வாலே! வாத்தா தங்கச்சி! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிய?"

"மூணாம் பாகம் கேட்டேன்" என்றார் ஜெபக்குமார். "பனிமலையாம்லே."

சங்கிலிப்பாண்டி பிடித்திருந்த கையை விட்டான்.

"ஏன்லே பொய் சொன்ன?"

"பின்ன என்ன சொல்லச் சொல்லுத?" என்றான் சங்கிலிப்பாண்டி. "படம் சகிக்கல. எடவேளையிலயே எந்திரிச்சுப் போயிருப்பேன். நீ இருந்த இருப்புக்கு, கை போனவன் அடுத்த பாட்டுலயே கட்ட அவுத்துட்டு ஆடுதாம்னு எப்படிலே சொல்லுவேன்? வாயில வரல. கண்ண மூடிக்கிட்டு மனசுக்குள்ளயே நம்ம மலைக்கு மேல ஏறிப் போனேன். வேலப்பன் மாதிரி ஒருத்தன் உண்மையிலயே கை போயிட்டா என்ன செய்வான்னு யோசிச்சேன். தோணுனதச் சொன்னேன். கொடி புடிச்சப்ப நீ என் கையப் புடிச்ச பாரு, அதுக்குப் பொறவு என்னால நிறுத்த முடியல."

"இத்தன வருஷத்துல ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

"ஒனக்கு வேலை கெடச்ச அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீ வாசல்ல வச்சே வேலப்பன் கொடியப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்ட. நான் என்னன்னு சொல்ல?"

ஜெபக்குமார் அவன் தோளைத் தடவி, கழுத்தைக் கண்டுபிடித்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஃபிட்டர் வேலை செய்து காய்த்துப்போன கைகள் அவர் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தன. ஹெப்சிபா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, எளநி வெட்டுங்க, தாகமா இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை சத்யப்பிரியாவிடம் ஒளிக்காமல் ஒத்துக்கொண்டார். "நீ சொன்னதுதாம்மா சரி. மூணாவது படு மோசம்."

"அப்ப பழைய ஞாபகம்தான சார்?"

"அதுவும் இல்ல." அவர் நடந்ததைச் சொன்னார். அவள் சோற்றில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அந்தக் கொடிக் காட்சி நல்லாருக்கு சார். அத எடுத்திருந்தா நானும் ஒத்துக்கிட்டிருப்பேன்" என்றாள். ஜெபக்குமாருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆள் மாறி, வயது மாறிக் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்றால், தான் கண்ணைக் கட்டிக்கொண்டு நேசித்துவிடவில்லை என்று தெரிந்துகொண்டார்.

நான்காம் பாகத்துக்கு ஹெப்சிபாவும் சங்கிலிப்பாண்டியும் சேர மூவருமாக ராஜபாளையத்துக் கொட்டகையில் பகல் காட்சிக்குப் போனார்கள். போனிலிருந்து ஒரு காதில் காட்சி சொல்லும் அந்தக் குரல். இன்னொரு காதில் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காத சங்கிலிப்பாண்டி. படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. முதல் பாகத்துக்கு அடுத்தபடி இதைச் சொல்லலாம் என்று ஜெபக்குமார் அங்கேயே தீர்ப்பு சொன்னார். சங்கிலிப்பாண்டி முதல் பாகத்தையே இது முந்திவிட்டது என்றான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தத் தகராறு நீண்டது.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில், ஜெபக்குமார் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தார். வேலைக்காக, ஹெப்சிபாவின் சுகத்துக்காக, மழைக்காக. "கூமாப்பட்டி சங்கிலிப்பாண்டிக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. அவன் எனக்காகச் சொன்ன பொய்க்காக..."

ஹெப்சிபா ஜெபத்தின் நடுவிலேயே சிரித்துவிட்டாள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆமென் சொல்ல வெகுநேரம் ஆயிற்று.