தொட்டிலறை அம்மா

ஐந்து மாத மகளோடு தஞ்சாவூர்ப் பக்கத்துக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். அங்கே குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, நீலச் சீருடைப் புடவை. யாரிடம் பேசினாலும் அவர் கை மூலையிலிருந்த காலித் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தது.

மகளை அதில் கிடத்தப் போனேன்.

“அதுல வேணாம் தம்பி. புள்ள தூங்குது.”

தொட்டிலில் விரிப்புகூட இல்லை. “யார் புள்ளைம்மா?” என்றேன்.

“எம்புள்ளதான். இந்தப் பூங்கா இருக்கற எடம் நாங்க குத்தகைக்கு உழுத வயலுங்க. மரத்துல தூளி கட்டிப் போட்டிருந்தேன். எங்களை வெளியேத்த ஆளுங்க வந்து, வீட்டுக்காரரை அடிச்சாங்க. அங்க ஓடுனேன். திரும்பி வந்து பாத்தா, வெறும் தூளி ஆடுது.”

அவர் அழவில்லை. என் தோளிலிருந்த மகள் அந்தத் தொட்டிலைப் பார்த்துச் சிரித்தாள். விடைபெற்றபோது, தூங்கும் குழந்தை எழுந்துவிடாதபடி மெல்லத்தான் பேசினேன்.